ஓர் ஆஸ்பத்திரிக்கே வந்த மாதவிடாய்க் கோளாறு

பிள்ளைகள், தாதி வேலை பழக நீங்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதலாளி என்று ஒருவரும் இல்லை. இதை முதல் நாளே விளங்கிக்கொள்ளுங்கள், எனக்கு விளங்க ஏழெட்டு வருடம் பிடித்தது. கத்தோலிக்க ஆஸ்பத்திரியில் இருக்கும் எல்லோரும் சேவை செய்பவர்கள். நிலம் துடைப்பவரும் சேவை செய்கிறார், இயக்குநரும் சேவை செய்கிறார். அவர் பெரிய காரில் வந்து செய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். எல்லோரும் ஒரே குடும்பம் என்பதால் அங்கே வேலைநிறுத்தம் கிடையாது. குடும்பத்துக்குள் யாராவது வேலைநிறுத்தம் செய்வார்களா என்று எங்கள் இயக்குநர் ஒருமுறை என்னிடம் கேட்டார். எங்கள் வீட்டில் நான் செய்திருக்கிறேன் என்றேன். மூன்று நாள் சமைக்கவில்லை, நாலாம் நாள் என் கோரிக்கையை மனுசன் ஏற்றுக்கொண்டார். இயக்குநர் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்.

நான் ஜெர்மனியில் பான் நகரத்துக்கும் கொலோனுக்கும் இடையில் உள்ள ஒரு சிறு நகரத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, போன வருடம் பென்ஷன் எடுத்தவள். அகதியாக வந்து முதலில் அங்கே துப்புரவு வேலை செய்தேன். பிறகு உதவித் தாதி. நாற்பது வயதை நெருங்கும்போது, என் பிள்ளைகளின் வயதுக்காரரோடு வகுப்பில் இருந்து அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்து முழுத் தாதியானேன். கடைசிப் பத்து வருடம் பணியாளர் பிரதிநிதிக் குழுவிலும் இருந்தேன். மற்றக் கொம்பனிகளில் தொழிலாளர் சபை என்று ஒன்று இருக்கும், தெரியும்தானே. தேவாலய நிறுவனங்களில் அதற்குப் பதிலாக இருப்பது இந்தக் குழு. இதற்குப் பல் கொஞ்சம் குறைவு. சைவ சமயக்காரி ஒருத்தி அதில் எப்படி வந்தாள் என்று கேட்பீர்கள். கூட்டத்தில் இருந்து புரொட்டோகோல், அதுதான் கூட்டக் குறிப்பு, எழுத ஒருவரும் முன்வரவில்லை, அதனால் வந்தேன். ஜெர்மனில் பிழை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் சின்னச் சின்ன வசனமாக எழுதுவேன். அதுதான் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

ஊசி போடுவது, புண் கட்டுவது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு பிழையை. அதைச் செய்தபோது நான் கெட்டிக்காரத்தனம் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

சில வருடங்களுக்கு முன் தாதிகளுக்குப் பெரிய தட்டுப்பாடு வந்தது. இப்போதும் தீரவில்லை. ஆட்களைப் பிடித்து வைத்திருக்க இயக்குநர் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லோருக்கும் ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு மேலதிகக் காப்புறுதி. கண்ணாடி, பல்லு, மசாஜ் எல்லாம் அதில் அடங்கும். வாசலில் பெரிய படம் ஒட்டினார்கள், புதுக் கண்ணாடி போட்ட தாதி ஒருத்தி பல்லுத் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். கையேட்டின் அட்டையில் சிலுவை. உள்ளே நாலாம் பக்கத்தில், வைத்தியர் எழுதிக் கொடுக்கும் கருத்தடை மருந்துகள் என்று ஒரு வரி.

உங்களுக்குத் தெரியும், கருத்தடைக் குளிசைக்கு இருபத்திரண்டு வயதுவரைதான் அரசாங்கக் காப்புறுதி கொடுக்கும். பிறகு அவரவர் பாடு. அதனால் அந்த நாலாம் பக்கம்தான் வாசிக்கப்பட்ட ஒரே பக்கம். இளம் பெட்டைகள் சந்தோசப்பட்டார்கள். கையேடு போக வேண்டிய இடமெல்லாம் போய், கடைசியில் மேற்பார்வைச் சபையில் இருந்த மூத்த குருவானவரின் மேசைக்கும் போனது. அவரை நான் பெரிய சுவாமியார் என்றுதான் சொல்வேன், எங்கள் ஊர் வழக்கம். அவரும் நாலாம் பக்கத்தைத்தான் வாசித்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆஸ்பத்திரி ஓடுவது பெரும்பாலும் நோயாளிகளின் காப்புறுதியிலும் அரசாங்கத்தின் உதவியிலும்தான். தேவாலயம் கொடுத்தது பெயரையும், அறைக்கு ஒன்றாகச் சுவரில் தொங்கும் சிலுவையையும். ஆனால் கூட்டத்தில் முதல் கதிரை அந்தச் சிலுவைக்குத்தான். பெரிய சுவாமியார் பொல்லாத மனுசர் இல்லை. என் கணவருக்கு இருதய ஒப்பரேசன் நடந்தபோது வந்து பக்கத்தில் ஒரு மணித்தியாலம் பேசாமல் இருந்துவிட்டுப் போனவர். கூட்டத்திலும் அவர் கோபப்படவில்லை. யார் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று தான் ஒருபோதும் கேட்டதில்லை என்றார். ஆனால் சிலுவை போட்ட தாளில் அந்தச் சொல் இருக்க முடியாது என்றார்.

இயக்குநருக்கு வியர்த்தது. காப்புறுதிக் கொம்பனியில் இருந்து வந்தவர், ஒரு வரியை மட்டும் கழற்றித் தர ஏலாது, வேண்டுமானால் முழுவதையும் விடுங்கள் என்றார். இரண்டு மாதம் இழுபட்டது. வாசலில் சிரித்துக்கொண்டு நின்ற தாதியின் வாய்க்கு மேல் "விரைவில்" என்று ஒரு தாள் ஒட்டினார்கள்.

எங்கள் குழுவுக்குத் தலைவியாக இருந்தவர் சலவைப் பகுதியை நடத்திய ஒரு ஜெர்மன்காரி. பெயர் வேண்டாம். ஆஸ்பத்திரியை வீடு என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். இந்த வீட்டில் ஒரு பொருளைக் கேட்காதே, அந்தப் பொருளுக்கு அவர்கள் என்ன பெயர் வைத்தால் தருவார்கள் என்று யோசி என்பது அவர் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். சமையலறையில் வேலை செய்த துருக்கிப் பெண்களுக்குத் தொழ ஓர் அறை எடுத்துக் கொடுத்தவர் அவர். அறைக் கதவில் "அமைதி அறை" என்று எழுதியிருந்தது. பெரிய சுவாமியாரே வந்து திறந்து வைத்தார். எனக்கு அந்த மனுசியில் பெரிய மதிப்பு.

அதனால் மூன்றாவது கூட்டத்தில் நான் வாயைத் திறந்தேன். அந்த வரியை எடுத்துவிட்டு "மாதவிடாய்ச் சீராக்க மருந்துகள்" என்று போட்டால் என்ன என்று கேட்டேன். அதே குளிசையை வைத்தியர்கள் அதற்கும் எழுதிக் கொடுக்கிறார்கள்தானே. பெரிய சுவாமியாரின் முகம் மலர்ந்தது. அது மருத்துவம், அதில் ஓர் ஆட்சேபணையும் இல்லை என்றார். காப்புறுதிக்காரர், சொல்லை மாற்றலாம், தங்களுக்குப் பிரச்சினை இல்லை என்றார். இயக்குநர் எழும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தலைவி என் காதுக்குள், இப்போதுதான் நீ இந்த வீட்டுக்காரி என்றார். அடுத்த நாள் நான் எல்லோருக்கும் வடை சுட்டுக் கொண்டுபோனேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததற்கு வடை ஒரு கேடு.

அதற்குப் பிறகு குளிசை வேண்டியவர்கள் எல்லோரும் கோளாறு என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் மாடியில் கோளாறு, மூன்றாம் மாடியில் கோளாறு, எக்ஸ்ரே பகுதியில் கோளாறு, சமையலறையில் கோளாறு. வரவேற்பு மேசையில் இருந்த, அறுபதை நெருங்கிய ஒருத்தி, மசாஜுக்கும் இதே படிவம்தான் என்று நினைத்துத் தானும் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பிறகு ஓடிப்போய்த் திருப்பி வாங்கினாள். ஒருவரும் அந்தப் பழைய சொல்லைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் வேண்டியது கிடைத்தது.

என் வார்டில் நிரோஜா என்று ஒரு தாதிப் பிள்ளை. பெற்றோர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், இவள் பிறந்ததே இந்த ஆஸ்பத்திரியில்தான். இங்கேயுள்ள சிற்றாலயத்தில்தான் ஞானஸ்நானம். திருவிழாவுக்குப் பாடற்குழுவில் பாடுவாள். மூன்று வயதில் ஒரு மகன். கணவன் பகல் முழுக்கப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, பிள்ளைக்குப் பாலர் பள்ளியில் அரை நாள் இடம்தான் கிடைத்தது. அதனால் இவள் இரவுப் பணி மட்டும் செய்தாள். காலையில் இவள் வர அவன் வெளிக்கிடுவான். அவளுடைய ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கானது, அடுத்த வருட இலையுதிர்காலத்தோடு முடிய இருந்தது. நிரந்தரமாக்கித் தருவோம் என்று வார்டுப் பொறுப்பாளர் வாயால் சொல்லியிருந்தார். அந்த நிரந்தர இடத்தை நம்பித்தான் வீடு மாறினார்கள்.

நிரோஜாவும் படிவத்தோடு என்னிடம் வந்தாள்.

"அக்கா, எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே. இதில என்னத்தைப் போடுறது?"

"எல்லாரும் போடினம், நீயும் போடு பிள்ளை. பேர்தானே," என்றேன்.

அவளுக்குப் பிடிக்கவில்லை. பொய் எழுதிக் கையெழுத்து வைப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை, இங்கேயே வளர்ந்த பிள்ளை. ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக வைத்தாள்.

வருட முடிவில் காப்புறுதிக் கொம்பனி ஓர் அறிக்கை அனுப்பியது. அதில் யாருடைய பெயரும் இருக்காது, இந்த நிறுவனத்தில் என்ன வருத்தம் கூடுதலாக இருக்கிறது என்று மட்டும்தான் இருக்கும். மற்ற இடங்களில் முதுகு வலி. எங்களுக்கு மாதவிடாய். கொம்பனிக்காரர் அதன் பக்கத்தில் ஒரு வியப்புக்குறியும் போட்டிருந்தார்.

அறிக்கை வேலைத்தல வைத்தியரின் கையில் கிடைத்தது. பணியாளர்களின் உடல்நலத்தைப் பார்ப்பது அவருடைய வேலை. புதிதாக வந்தவர், முன்பு இராணுவத்தில் வைத்தியராக இருந்தவர், நேர்மையானவர், எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். இப்படிப்பட்ட ஆட்களிடம் அவதானமாக இருங்கள். அவர் உண்மையிலேயே பயந்துபோனார். கிருமிநாசினியாக இருக்குமோ, எக்ஸ்ரே கதிராக இருக்குமோ என்று ஆராய்ந்தார். வெள்ளை உடுப்புப் போட்ட இரண்டு பேர் வந்து நடைபாதையில் காற்றை அளந்தார்கள். குடிதண்ணீரைப் போத்தலில் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கிழமை முழுவதும் நாங்கள் எல்லோரும் தண்ணீரை விட்டுக் கோப்பி குடித்தோம், விசயம் தெரிந்தவர்களும்கூட.

ஆஸ்பத்திரித் திருவிழா வந்தது. எனக்குப் பூசையில் அலுவல் இல்லை, ஆனால் பூசைக்குப் பிறகு கேக் உண்டு, அதனால் போனேன். மன்றாட்டுகளின்போது பெரிய சுவாமியார், இந்த வீட்டில் உழைக்கும் எங்கள் சகோதரிகளின் உடல் நலனுக்காக மன்றாடுவோம் என்றார். எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். நான் சிரிப்பை அடக்கக் கைலேஞ்சியை வாயில் வைத்தேன், பக்கத்தில் இருந்தவர் நான் அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டினார். பாடற்குழுவில் நின்ற நிரோஜா சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அது கேக் கிடைக்கும் இடம். அவளுக்கு அது கோயில்.

வைத்தியர் கடைசியில் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். இரவுப் பணி. ஐம்பது வயதுக்கு உட்பட்ட எல்லாப் பெண்களையும் பரிசோதிப்பது, கோளாறு உள்ளவர்களை ஆறு மாதம் இரவில் இருந்து எடுத்துவிடுவது என்று ஒரு திட்டம் போட்டார். இயக்குநருக்குச் சந்தோசம். வாசலில் ஒட்ட இன்னொரு படம் கிடைத்ததே. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நிரோஜா என்னிடம் வந்தாள். கோளாறு என்று அவள் கையெழுத்தே இருக்கிறது, பரிசோதனையில் இல்லை என்றால் அது பொய்க் கையெழுத்தாகிவிடும். இரவில் இருந்து எடுத்தால் அவளால் வேலைக்கே வர முடியாது, பிள்ளையை யார் பார்ப்பது. இரவுக்கு ஆள் இல்லாமல் தவிக்கும் வார்டு, இரவு செய்ய ஏலாத ஒருத்தியை நிரந்தரமாக்காது. பொறு பிள்ளை, நான் கதைக்கிறேன் என்றேன். வைத்தியரின் கந்தோருக்குப் போனேன். நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சில கோளாறுகள் கோளாறே இல்லை, வைத்தியர், என்று மெல்லத் தொடங்கினேன். நோயாளிகள் அப்படித்தான் நினைப்பார்கள், அதுதான் பெரிய ஆபத்து என்று அவர் கவலையோடு சொல்லி எனக்கும் ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார்.

கூட்டத்துக்கு நாள் குறித்து டெர்மின் வைத்தார்கள். இயக்குநர், பெரிய சுவாமியார், வைத்தியர், காப்புறுதிக்காரர், எங்கள் தலைவி, புரொட்டோகோல் எழுத நான். இரவுப் பணியாளர் சார்பில் ஒருவரையும் கூப்பிட வேண்டும் என்று தலைவி கேட்டிருந்தார், அதனால் நிரோஜா. வைத்தியர் திரையில் படம் காட்டி அரை மணித்தியாலம் விளக்கினார். முடிந்ததும் இயக்குநர், பணியாளர் தரப்பில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். தலைவி என்னைப் பார்த்தார். நான் கணினியைப் பார்த்தேன். இந்த ஆய்வு செய்யப்பட்ட முறைபற்றி இரண்டு வசனம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன், இரண்டையும் சொல்லாமல் விட்டேன்.

நிரோஜா பேசினாள். ஜெர்மனில்தான் பேசினாள், மெதுவாக, நோயாளிக்கு மருந்து விளக்குகிற அதே குரலில்.

"எனக்கு எந்தக் கோளாறும் இல்லை. எனக்கு இப்போது இன்னொரு பிள்ளை வேண்டாம். அதற்காகத்தான் குளிசை எடுக்கிறேன். இந்தக் கணக்கில் உள்ள மற்றவர்களும் அதற்காகத்தான் எடுக்கிறார்கள்."

வைத்தியர் கண்ணாடியைக் கழற்றினார். ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் விசயம் தெரியாமல் இருந்தவர் தான் ஒருவர்தான், அதுவும் ஒரு வைத்தியர், என்று அவருக்கு அப்போது விளங்கியது. காது மடல்வரை சிவந்துவிட்டார், பாவம். பெரிய சுவாமியார்தான் முதலில் வாய் திறந்தார்.

"அது எங்களுக்குத் தெரியும், மகளே," என்றார் மென்மையாக.

"தெரிந்தால் ஏன் எங்களுக்காக மன்றாடினீர்கள்?"

இயக்குநர், கோப்பி குடிப்போம் என்றார்.

கோப்பி நேரத்தில் இயக்குநர் என்னிடம் வந்து யன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். திட்டம் கைவிடப்படும் என்றார். பரிசோதனை இல்லை, இரவுப் பணியில் மாற்றம் இல்லை, காப்புறுதியில் அந்த வரி இருக்கிற மாதிரியே இருக்கும். ஒரேயொரு விசயம்தான். புரொட்டோகோல் மேற்பார்வைச் சபைக்குப் போகிறது, அங்கிருந்து ஆயர் இல்லத்துக்கும் போகும். அந்த வசனம் அதில் இருந்தால் சுவாமியாருக்கு அது உத்தியோகபூர்வமாகத் தெரிந்ததாகிவிடும். தெரிந்தால் அந்த வரியை எடுத்தாக வேண்டும். எல்லாப் பெண்களுக்கும் நட்டம், அந்தப் பிள்ளைக்கும் நட்டம். நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள் என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை, அதுதான் பிரச்சினை. நானும் விளங்கிக்கொண்டேன். அதைவிட, எனக்குள்ளே வேறொரு பழக்கம் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விசாரணையில் நான் கூடுதலாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எழுதி வைத்து, வருடக்கணக்காக ஒவ்வொரு கந்தோரிலும் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அண்ணனுடைய பெயரைச் சொன்னேன், அண்ணனைப் பற்றி நாற்பது கேள்வி. அகதி முகாமில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட புத்தி, தாளில் குறைய இருந்தால் தப்புவாய் என்பதுதான். அது மெய்யாகவே என்னைக் காப்பாற்றிய புத்தி. என்னைக் காப்பாற்றியது இவளையும் காப்பாற்றும் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து எழுதினேன். "இரவுப் பணியாளர் சார்பில் கருத்துத் தெரிவிக்கப்பட்டது. திட்டம் கைவிடப்பட்டது." கீழே, சரியானதும் முழுமையானதும் என்று அச்சடித்திருக்கும் இடத்தில் கையெழுத்து வைத்தேன். நிரோஜா அதைப் பார்க்கவில்லை, அவள் அன்று இரவு வேலைக்காக வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டாள். போகும்போது நான் அவளைக் கட்டிப்பிடித்து, வென்றிட்டம் பிள்ளை என்றேன்.

இலையுதிர்காலம் வந்தது. அவளுக்கு ஒரு கடிதம். இரண்டு வருடச் சேவைக்கு நன்றி, ஒப்பந்தம் குறித்த நாளில் முடிவடைகிறது, எதிர்கால வாழ்வுக்கு இறைவனின் ஆசீர். காரணம் எழுதவில்லை, இப்படியான ஒப்பந்தம் முடிவதற்குக் காரணம் எழுதத் தேவையும் இல்லை. அடுத்த கிழமை அதே வார்டில் அதே இரவு வேலைக்கு ஆள் தேவை என்று அறிவித்தல் பலகையில் தாள் தொங்கியது. தலைவியும் நானும் இயக்குநரிடம் போனோம். ஆளணித் திட்டமிடல் என்றார். எங்களுக்குக் கோப்பி தந்தார்.

நிரோஜா ஒரு சட்டத்தரணியிடம் போனாள். பேசியதற்காகத் தண்டித்தார்கள் என்று காட்ட வேண்டுமென்றால், முதலில் பேசியதைக் காட்ட வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் புரொட்டோகோலைக் கேட்டாள். வார்டின் பின் அறையில் வைத்துக் கொடுத்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். திரும்பவும் முதலில் இருந்து வாசித்தாள்.

"அக்கா, நான் சொன்னது எங்கை?"

நான் இயக்குநர் சொன்ன காரணத்தைச் சொல்லத் தொடங்கினேன், எல்லாருக்கும் நட்டம் வரும் என்று. என் வாயில் அது வரும்போதே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

நான் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். அவளோடு சட்டத்தரணியிடம் போனேன். இளம் பெண், நல்ல மாதிரி. என் கையெழுத்தைக் காட்டி, இது முழுமையானது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்போது பொய் சொன்னீர்களா, இப்போது பொய் சொல்கிறீர்களா என்று எதிர்த்தரப்பு கேட்பார்கள் என்றார். அப்போதுதான் என்று சொல்வேன் என்றேன். அப்படியென்றால் வேறு ஒருவராவது வேண்டும் என்றார். எங்கள் தலைவியைக் கேட்டேன். அந்த நேரம் தான் கோப்பி எடுக்கப் போயிருந்ததாகச் சொன்னார். கோப்பி வந்தது பிறகு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் மதித்த மனுசி, கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வைத்தியரைக் கேட்டோம். அந்தப் பிள்ளை தன் உடல்நிலை பற்றிப் பேசியதால் அது வைத்திய இரகசியம், அதை வெளியே சொல்ல முடியாது என்று அழகாக ஒரு கடிதம் அனுப்பினார். அவர் அதை மனப்பூர்வமாக நம்பினார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிய சுவாமியாரை ஒருவரும் கேட்கவில்லை. அவருக்குத்தான் ஒன்றும் உத்தியோகபூர்வமாகத் தெரியாதே.

நிரோஜா வழக்கை விட்டுவிட்டாள். நல்ல தாதிக்கு இந்த நாட்டில் வேலை கிடைக்காமல் போகாது, கொலோனில் ஒரு நகரசபை ஆஸ்பத்திரியில் உடனேயே சேர்ந்துவிட்டாள். அதனால் பெரிய நட்டம் இல்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. அவள் இப்போது தினமும் ஒன்றரை மணித்தியாலம் கூடுதலாகப் பயணம் செய்கிறாள். பாடுவதை விட்டுவிட்டாள். மகனுக்கு முதல் நன்மைச் சடங்கை எந்தக் கோயிலில் வைப்பது என்று தாயோடு சண்டை. அவள் அந்த வீட்டில் பிறந்தவள், என்னைப்போல் பிழைக்க வந்தவள் இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு இன்றும் கோளாறுதான். வரி அப்படியே இருக்கிறது, குளிசை கிடைக்கிறது, கொம்பனி வியப்புக்குறி போடுவதை நிறுத்திவிட்டது. அங்கே யாரும் குளிசை எடுத்ததற்காக வேலையை இழக்கவில்லை. சொன்னதற்காக ஒருத்தி இழந்தாள். எதற்குத் தண்டனை என்பதை நீங்கள் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், விதிப் புத்தகத்தில் அது இருக்காது. சமாதானமாகப் போவோம் என்று உங்களை ஒருவர் யன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனால், அந்தச் சமாதானத்தில் யாருடைய வசனம் காணாமல் போகிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள். உங்கள் ஜெர்மன் என்னுடையதைவிட எவ்வளவோ திறம், உங்களுக்குச் சாட்டுச் சொல்லவும் ஏலாது.

போன வருடம் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். கேக், பூங்கொத்து, சிலுவை பொறித்த ஒரு கோப்பிக் கோப்பை. இயக்குநர் பேசினார். பத்து வருடம் புரொட்டோகோல் எழுதினார், அதில் ஒரு வசனம்கூட ஒருவருக்கும் கரைச்சல் கொடுத்ததில்லை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒலிவாங்கியை வாங்கி, ஒரு வசனம் விடுபட்டிருக்கிறது, அதை இப்போது சேர்க்கிறேன் என்று சொல்லி, நிரோஜா சொன்னதைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். யார் சொன்னது, எந்த அறையில், யார் யார் இருந்தார்கள் என்பதையும் சொன்னேன். பெரிய சுவாமியார் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் சமையலறைப் பெண்கள் சிலர் கைதட்டினார்கள். இயக்குநர், மனந்திறந்த வார்த்தைகளுக்கு நன்றி என்று சொல்லி, கேக்கை வெட்டச் சொன்னார்.

பென்ஷன் கடிதம் கைப்பைக்குள் இருக்கும்போது வீரம் தானாக வரும், அது எனக்குத் தெரியும். என்றாலும் வீட்டுக்கு வந்த கையோடு நிரோஜாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். கொஞ்சம் பெருமையோடுதான் எடுத்தேன். சொன்னதை முழுவதும் சொன்னேன், சுவாமியார் கேக்கைப் பார்த்ததையும் விடவில்லை. அவள் கடைசிவரை கேட்டாள்.

"நல்லது அக்கா," என்றாள். "அதை ஆர் எழுதி வைச்சது?"